வண்டி சீட்டைத் திறக்கச் சொன்னால்...

ஷிப்டு முடிந்து மில் கேட்டைத் தாண்டுவதற்குள் பை திறக்கப்படுகிறது, டிபன் பாக்ஸ் குலுக்கப்படுகிறது, ஸ்டாண்டில் இருந்து எடுத்த டூவீலரின் சீட்டையும் தூக்கிக் காட்டச் சொல்கிறார்கள். கம்பம், போடி, தேவாரம் பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களுக்கோ தூக்குவாளி முதல் மடி வரை சந்தேகம். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையில் ஒரு கைப்பிடி காயும் முதலாளிக்குக் கணக்குதான். சரக்கைக் காப்பது அவர் உரிமை. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு.

கேட்டில் சோதனை நடத்தச் சட்டம் இடம் தருகிறது. வேலையிட விதிகளை எழுத்தில் வைக்கச் சொல்லும் 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, குறிப்பிட்ட வாயில் வழியாக வந்துபோவதும் சோதனைக்கு உட்படுவதும் சேர்க்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்பின்படி, 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்யும் இடங்களில் நிலையாணை கட்டாயம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது இதுதான்: சோதனை பற்றி எழுத்தில் விதி இருக்கிறதா? இருந்தால் மேனேஜரின் கார் டிக்கிக்கும் அது பொருந்துகிறதா? ஆள் பார்த்துச் செய்கிற சோதனை அவமதிப்புதான்.

விதி இருந்தும் நீங்கள் மறுத்தால், நிர்வாகம் விளக்கம் கேட்கலாம், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். சாவியைப் பிடுங்கவோ, வண்டிப் பூட்டை உடைக்கவோ செக்யூரிட்டிக்கு அதிகாரம் இல்லை. கைப்பேசியைத் திறந்து படங்களைப் பார்ப்பதற்கும் கேட் சோதனைக்கும் சம்பந்தமே இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது.

அறையில் பூட்டி வைத்து விசாரித்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 127-ஆவது பிரிவின்படி குற்றம். கண்ணெதிரே திருடியவரைப் பிடித்து வைத்தாலும், ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும்.

பெண்களைத் தொட்டுச் சோதிப்பது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் மறைவான இடத்தில். கைது செய்யப்பட்ட பெண்ணைச் சோதிக்கும் போலீசுக்கே இந்தக் கட்டுப்பாடு உண்டு. கங்காணிக்கு அதற்கு மேல் அதிகாரம் எங்கிருந்து வரும்? 2014 டிசம்பரில் கொச்சி சிறப்புப் பொருளாதார மண்டலத்து நிறுவனம் ஒன்றில், கழிவறையில் நாப்கின் கிடந்தது என்பதற்காகப் பெண் தொழிலாளர்களின் உடையை அவிழ்த்துச் சோதித்தார்கள். கேரளமே கொதித்தது. பெண் மேற்பார்வையாளரே செய்தாலும் அப்படிப்பட்ட சோதனையை எந்த நிலையாணையும் காப்பாற்றாது.

சோதனைக்காக வரிசையில் நிற்கும் நேரம் யாருடையது என்பதும் உலகெங்கும் வழக்காகியிருக்கிறது. ஆப்பிள் கடை ஊழியர்கள் பை சோதனைக்குக் காத்திருந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று 2020-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மில்களின் சங்கங்களும் இதைப் பேச்சுவார்த்தையில் எழுப்ப வேண்டும்.

பெரும்பாலும் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது சோதனைக்குப் பிறகுதான். "இதில் ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போம்மா" என்பார்கள். படிக்காமல் போடாதீர்கள். அந்தத் தாள்தான் நாளை திருட்டை ஒப்புக்கொண்ட வாக்குமூலமாக வந்து நிற்கும். நஷ்டம் என்று கூலியில் பிடிப்பதானாலும், முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். தேதி, நேரம், சோதித்தவர் பெயர், பக்கத்தில் நின்றவர் பெயர் ஆகியவற்றை அன்றிரவே எழுதி வையுங்கள்.

தோட்டம் கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில் என்பதால் புகாரை விட்டுவிடுகிறவர்கள் பலர். விட வேண்டியதில்லை. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம் என்கிறது 2024 ஜூலை முதல் அமலில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம். கம்பத்திலோ போடியிலோ கொடுக்கும் புகாரைப் போலீசார் எல்லை தாண்டி அனுப்பியாக வேண்டும். பாலியல் சீண்டலாக இருந்தால் மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவுக்கும் போகலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100. இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள், உங்கள் ஜீப்பில் வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள்.