சோடியம் வள்ளலா?

உப்பு உண்டாகுமாற்றை மாணாக்கர்க்கு உரைக்கும் ஆசிரியர் பலர், "சோடியம் தன் இலத்திரனைக் கொடுக்கின்றது, குளோரீன் அதனை மகிழ்ந்து ஏற்கின்றது" என்பர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கொடைமடத்தை வகுப்பில் ஓதிவரும் எம்போன்றோர்க்கு இவ்வுரை மிக இனியதே. ஆயின், அணுவுலகில் அத்தகைய வள்ளன்மை இல்லை.

கணக்கை நோக்குக. ஆவிநிலையில் உள்ள 23 கிராம் சோடியத்தின் அணுக்களினின்றும் ஒவ்வோர் இலத்திரனைப் பறித்தற்கு 496 கிலோயூல் சத்தி செலவாகும். அவ்விலத்திரன்களைக் குளோரீன் அணுக்கள் ஏற்கும்போது வெளிப்படுவதோ ஏறக்குறைய 349 கிலோயூலே. வரவினுஞ் செலவு மிக்க இவ்வாணிகம் எங்ஙனம் நிகழும்? மின்னேற்றம் பெற்ற அணுவை அயன் என்பர். நேரேற்றமுடைய சோடிய அயன்களும் எதிரேற்றமுடைய குளோரைட்டு அயன்களும் அணியணியாய்ப் பளிங்காகக் கூடுங்கால் ஏறக்குறைய 787 கிலோயூல் சத்தி வெளிப்படுகின்றது. அதுவே கடனைத் தீர்த்து மிச்சமும் வைக்கின்றது. எனவே உப்பை ஆக்குவது கொடையன்று, கூட்டமே.

இதனை உணராத மாணாக்கன், உப்பினுள் ஒரு சோடியமும் ஒரு குளோரீனும் கணவனும் மனைவியும்போல் இணைந்திருப்பதாகவே எண்ணுவான். அங்கே ஒவ்வொரு சோடிய அயனையும் ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்துள்ளன. ஒவ்வொரு குளோரைட்டு அயனையும் ஆறு சோடிய அயன்கள் சூழ்ந்துள்ளன. இன்னது இன்னதற்கே உரியது என்று கூறுதல் இயலாது.

இவ்வயன் பிணைப்பை ஜேர்மனியரான கொசெல் 1916 ஆம் ஆண்டில் விளக்கினார். அவ்வாண்டிலேயே அமெரிக்கரான லூயிசு, இரண்டு அணுக்கள் ஓரிணை இலத்திரன்களைத் தமக்குப் பொதுவாகக் கொண்டும் பிணையும் என்றார். அதனை நாம் பங்கீட்டு வலுப் பிணைப்பு என்கின்றோம். பெயர் நன்று, எனினும் பங்கு என்றவுடன் சமபங்கு என மயங்கற்க. நீரில் ஒட்சிசன், பொது இலத்திரன்களைத் தன்பாலே மிகுதியும் இழுக்கின்றது. இவ்விழுக்குந் தன்மைக்கு இலைனசு போலிங் 1932 இல் ஓர் அளவு வகுத்தார். இன்று வழங்கும் எண்களின்படி ஐதரசனுக்கு 2.2, ஒட்சிசனுக்கு 3.4, சோடியத்துக்கோ 0.9, குளோரீனுக்கு 3.2. வேறுபாடு மிக மிகப் பங்கீடு கவர்தலாய் மாறும். ஆகலின் இருவகைப் பிணைப்புக்கும் இடையே பாடநூல்கள் எழுப்பும் மதில், கற்போர் வசதி கருதி எழுப்பியதேயாம். இயற்கையில் அங்குள்ளது சரிவான நிலமே.

மூன்றாம் வகையாகிய உலோகப் பிணைப்பை அறியத் தட்டார் பட்டறைக்குச் செல்லல் வேண்டும். பொன்னிற் புற இலத்திரன்கள் எவ்வணுவுக்குந் தனியுரிமையாகாது எங்கும் உலவுகின்றன. சுத்தியல் விழுந்து அணுவடுக்குகள் நழுவினும், அவை அடுக்குகளைப் பிரியவிடா; பொன் தகடாய் நீள்கின்றது. அச்சுத்தியலாலேயே ஓர் உப்புக்கல்லை அடித்துப் பார்க்க. அடுக்கொன்று சற்றே நழுவியதும் ஒத்த ஏற்றங்கள் நேருக்குநேர் வந்து ஒன்றையொன்று தள்ளுகின்றன. கல் பிளந்து சிதறுகின்றது.