மௌனப்பட விகடரும் அவர்தம் சாகசமும்

ஓசையை மட்டுமே கொண்டு இயங்குவது வானொலி. ஓசையே இன்றி இயங்கியது மௌனப்படம். ஆகவே, மௌனப்படத்தைப் பற்றி வானொலியிற் பேச முற்படுவது, சங்கீதக் கச்சேரியைச் சித்திரமாக எழுதிக் காட்டுவது போன்ற காரியம் என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். எனினும், கண்ணாற் காணாததை மனத்தாற் காணும் பழக்கம் வானொலி நேயர்களுக்கே மிகுதியாக உண்டு. அந்தத் துணிவினால், ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட சில சாகச நகைச்சுவைப் படங்களை உங்கள் முன் நிறுத்த விழைகின்றேன்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஊரையே பெயர்த்தெறியும் புயல். தெருவில் ஒரு சிறிய மனிதன் ஒரு மரவீட்டுக்குத் தன் முதுகைக் காட்டியபடி நிற்கின்றான். அவ்வீட்டின் முன்சுவர் முழுவதும் அடியோடு கழன்று அவன்மீது சாய்கின்றது. நசுங்கினான் என்று நாம் நினைக்கும் அதே கணத்தில், சுவரின் மேன்மாடியிலே திறந்து கிடந்த யன்னல் அவன் நின்ற இடத்தில் வந்து சரியாகப் பொருந்துகின்றது. புழுதிக்கு நடுவே, யன்னற் சட்டத்துக்குள், நின்றது நின்றபடி நிற்கின்றான் அம்மனிதன்.

1928 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ என்னும் படத்தில் வரும் காட்சி இது. நின்றவர் பஸ்டர் கீட்டன். விழுந்த சுவர் ஏறக்குறைய இரண்டு தொன் எடையுள்ளதென்பர். யன்னலின் ஓரத்துக்கும் அவர் உடம்புக்கும் இடையே இருந்தது சில அங்குல இடைவெளி மாத்திரமே. அவர் நிற்கவேண்டிய இடம் முன்கூட்டியே அளந்து குறிக்கப்பட்டிருந்தது. அக்குறியிலிருந்து ஓரடி விலகியிருந்தால் அன்றே அவர் கதை முடிந்திருக்கும். இத்தகைய யன்னல் வித்தையை 1920 இல் வெளிவந்த ‘ஒன் வீக்’ என்னும் குறும்படத்திலும் அவர் செய்து பார்த்திருந்தார். எட்டு ஆண்டுகளின் பின்னர் சுவர் பெரிதாயிற்று, ஆபத்தும் பெரிதாயிற்று.

இங்கே கமரா செய்யும் வேலையைக் கவனிக்கவேண்டும். அது தூரத்தில் நின்று, மனிதனையும் வீட்டையும் ஒரே சட்டத்துள் அடக்கி, அசையாமற் பார்த்துக்கொண்டிருக்கின்றது. சுவர் சாய்வது ஒரு துண்டு, மனிதன் நிற்பது இன்னொரு துண்டு என்று பிலிமை வெட்டி ஒட்டியிருந்தால், நாம் அதனை ஒரு தந்திரமென்று தள்ளிவிடுவோம். வெட்டில்லாத ஒரே காட்சியாக இருப்பதனால், நடந்தது உண்மையாகவே நடந்தது என்று நம் கண் சாட்சி சொல்கின்றது. பழைய சாகசப் படங்கள் பல இன்று சலிப்பூட்ட, இவை மட்டும் சலிப்பூட்டாதிருப்பதன் காரணம் இதுவே என்பது என் துணிபு.

ஹரோல்ட் லொயிட் என்பவர் சென்ற வழி சற்று வேறானது. 1923 இல் வெளிவந்த ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தில், உயர்ந்த கட்டடமொன்றின் மணிக்கூட்டு முள்ளைப் பற்றிக்கொண்டு, கீழே மோட்டார் வண்டிகள் ஊர, அவர் அந்தரத்திலே தொங்குகின்றார். கட்டடங்களின் கூரைமீது ஒரு போலிச் சுவரை எழுப்பி, கமராவை உரிய கோணத்தில் வைத்து, பின்னணியில் மெய்யான தெருவே தெரியுமாறு இக்காட்சியை எடுத்தார்கள். கமராவின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், அவருக்குக் கீழே மெத்தை பரப்பிய தளம் ஒன்று இருந்தது. வித்தைதான், ஆயினும் கூச்சமில்லாத வித்தையன்று. 1919 இல், விளையாட்டுக் குண்டு என்று எண்ணிக் கையிலெடுத்த ஒன்று வெடித்ததனால், லொயிட் தம் வலக்கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் இழந்திருந்தார். குறைந்த விரல்களை ஒரு கையுறைக்குள் மறைத்துக்கொண்டுதான் அந்த முள்ளில் அவர் தொங்கினார்.

இவ்விருவரையும் பிற்காலத்தில் மறவாதவர் ஹொங்கொங் நடிகர் ஜக்கி சான். 1983 இல் வெளிவந்த ‘புரொஜெக்ட் ஏ’ படத்தில் அவர் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து விழுந்தார். 1987 இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகத்தில் கீட்டனின் சுவரைத் தம்மீதே சாய்த்துக்கொண்டார். அப்படங்களை விரும்பிப் பார்த்த நம்மவர் பலர், மூலத்தைக் காணாமலே நிழலைக் கண்டு மகிழ்ந்தவர்களாவர்.

கீட்டன் பிறந்தது 1895 இல். பெற்றோர் மேடைக் கூத்தாடிகள். சிறு வயதிலேயே மேடையேறிய அவரைத் தந்தையார் மேடையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தூக்கி எறிவதே அவர்களின் பிரதான வேடிக்கை. எறிவதற்கு வசதியாகப் பிள்ளையின் உடுப்பிலே பெட்டியின் கைப்பிடி ஒன்றும் தைக்கப்பட்டிருந்தது. இக்காலத்தவர் கேட்டால் பதறுவர். அக்காலத்திலும் பிள்ளைகளின் நலம் பேணுவோர் இதனை எதிர்த்தனர். எப்படி விழுந்தால் அடிபடாது என்பதும், விழுந்தபின் சிரித்தால் சபை சிரிக்காது என்பதும் அந்த மேடையில் அவர் கற்ற பாடங்கள். சலனமற்ற அந்த முகம் பிற்காலத்தில் அவருடைய முத்திரையாயிற்று. விழக் கற்றிருந்தும் விபத்து விட்டுவைக்கவில்லை. 1924 இல் ‘ஷேர்லொக் ஜூனியர்’ படத்துக்காகப் புகையிரதத் தண்ணீர்த் தாங்கியொன்றின் குழாயைப் பற்றி இறங்கியபோது, கொட்டிய நீரின் வேகம் அவரைத் தண்டவாளத்திலே மோதியது. கழுத்தெலும்பில் முறிவு ஏற்பட்டிருந்தமை பல ஆண்டுகளின் பின்னர் வைத்தியர் ஒருவர் சொல்லியே அவருக்குத் தெரியவந்தது.

அவர் தம் படைப்புக்களிற் பெரிதும் விரும்பியது ‘த ஜெனரல்’. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 ஏப்ரிலில், வடபகுதியின் ஒற்றர்கள் தென்பகுதிக்குட் புகுந்து ஒரு புகையிரதத்தைக் கடத்திச் சென்றதும், அதனைத் துரத்திச் சென்றதும் வரலாற்று நிகழ்ச்சிகள். அதனைக் கருவாகக்கொண்டு, தன் இயந்திரத்தைப் பறிகொடுத்த ஒரு சாரதி அதனை மீட்கப் போகும் கதையாகக் கீட்டன் இப்படத்தை அமைத்தார். பழைய மாதிரியான இயந்திரங்களும் பாதைகளும் ஒரிகன் மாநிலத்திற் கிடைத்தமையால், 1926 இல் அங்கேயே படப்பிடிப்பு நடைபெற்றது.

அதில் ஒரு சிறு காட்சி. காதலி முகந்திருப்பிக்கொண்ட துயரத்திலே, சாரதி தன் இயந்திரத்தின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் உட்கார்ந்திருக்கின்றான். வண்டி புறப்படுகின்றது. தண்டு மேலெழுந்து கீழிறங்க, அவனும் அதனோடு மேலெழுந்து கீழிறங்குகின்றான்; துயரத்தின் மிகுதியால் அதனை அவன் உணரவில்லை. பார்ப்பதற்கு எளிய வேடிக்கை. ஆனால் நீராவி சற்று அதிகமாகிச் சக்கரம் திடீரென வேகமாகச் சுழன்றிருந்தால் மனிதர் தூக்கியெறியப்பட்டிருப்பார். இன்னொரு காட்சியில், ஓடும் இயந்திரத்தின் முன்தட்டில் உட்கார்ந்து ஒரு பெரிய மரக்கட்டையை மார்போடு அணைத்திருக்கின்றான். தண்டவாளத்தின்மீது குறுக்கே கிடக்கும் வேறொரு கட்டையின் நுனியில், கையிலிருப்பதை ஓங்கி எறிகின்றான். இரண்டும் துள்ளி விலக, வண்டி தடையின்றிச் செல்கின்றது. குறி தப்பியிருந்தால் என்னவாகும் என்று எண்ணி முடிப்பதற்குள் அடுத்த வேடிக்கை வந்துவிடுகின்றது.

படத்தின் உச்சக் காட்சியில், எரியும் மரப்பாலம் இடிந்து வீழ, மெய்யான புகையிரத இயந்திரமொன்று ஆற்றினுள் விழுகின்றது. பொம்மை வண்டியன்று, மெய்யான பாலம், மெய்யான இயந்திரம். ஒரே முறைதான் எடுக்கமுடியும். மௌனப்படக் காலத்திலே தனியொரு காட்சிக்காக ஆன செலவுகளில் இதுவே பெரியதென்றும், அது 42,000 டொலர் என்றும் எழுதுவர். விழுந்த இயந்திரம் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பழைய இரும்புக்காக எடுக்கப்படும் வரையில் ஆற்றிலேயே கிடந்தது.

இத்தனைக்கும் படம் தோல்வியடைந்தது. போரை வைத்து நகைச்சுவையா என்றனர் சிலர்; மந்தமாக ஓடுகின்றது என்றனர் வேறு சிலர். செலவழித்த பணம் திரும்பவில்லை. 1928 இல் கீட்டன் தம் சொந்தப் படப்பிடிப்பு நிலையத்தை விட்டு, எம்.ஜி.எம். என்னும் பெரிய நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே கதையும் காட்சியும் அவர் கையில் இல்லை. குடியும் குடும்பச் சிதைவும் சேர்ந்துகொள்ள, 1933 இல் அந்நிறுவனத்திலிருந்தும் நீங்கினார். பின்னர், பிறர் நடிக்கும் படங்களுக்கு வேடிக்கை யோசனை சொல்லும் வேலையில் அவர் காலம் கழிந்தது.

மனிதரின் நிலை இதுவாக, படங்களின் நிலை இன்னும் மோசம். அந்நாட் பிலிம் நைத்திரேற்று என்னும் பொருளால் ஆனது. எளிதில் தீப்பற்றும், தீப்பற்றாவிடினும் காலப்போக்கிற் பிசினாகி, ஈற்றிலே பொடியாகிவிடும். பேசும் படம் வந்தபின் மௌனப்படத்தை வைத்திருப்பதால் ஆவதென்ன என்று பலர் அழியவிட்டனர். 2013 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் நெடும் மௌனப்படங்களில் நூற்றுக்கு எழுபது அழிந்துபோயின. இவ்விழப்பு நமக்கும் புதிதன்று. தமிழின் முதற் பேசும் படமெனக் கொள்ளப்படும் ‘காளிதாஸ்’ 1931 இல் வெளிவந்தது. அதன் பிரதியொன்றேனும் இன்று இல்லை.

கீட்டனின் படங்கள் தப்பியது பெரும்பாலும் தற்செயலே. அவர் முன்பு வாழ்ந்த மாளிகையைப் பின்னாளில் வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே பூட்டிக் கிடந்த அறையொன்றிலே பழைய பிலிம்சுருள்களைக் கண்டெடுத்தார். 1950களில் இவையும் வேறிடங்களிற் கிடைத்தவையும் தீப்பற்றாத பிலிமிற் பிரதி செய்யப்பட்டு, மறுபடி திரையேறின. 1965 இல் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவிலே சபையோர் எழுந்து நின்று கைதட்டியதைக் கேட்கும் பேறு கீட்டனுக்குக் கிடைத்தது. மறு ஆண்டு பெப்ரவரியில் அவர் காலமானார். 1972 இல் ‘சைட் அன்ட் சவுண்ட்’ என்னும் பிரித்தானியச் சஞ்சிகை உலக விமரிசகரிடம் கேட்டுத் தொகுத்த சிறந்த படங்களின் வரிசையில், முன்பு தோற்ற ‘த ஜெனரல்’ முதற் பத்தினுள் இடம்பெற்றது.

அதனாற் படம் குற்றமற்றதென்று கொள்ளவேண்டியதில்லை. மூலநூலை எழுதியவர் வடபகுதிப் போர்வீரர். கீட்டனோ கதாநாயகனைத் தென்பகுதியானாக மாற்றிவிட்டார். தோற்றவரை வில்லனாக்கினாற் சபை ஏற்காது என்பது அவர் கணக்கு. எந்த அடிமைமுறைக்காகத் தென்பகுதி போரிட்டதோ, அதனைப் பற்றிப் படத்தில் ஒரு பேச்சுமில்லை. 1925 இல் வந்த ‘செவன் சான்சஸ்’ படத்திற் கறுப்பினத்தவரை வைத்துச் செய்யப்படும் பரிகாசம் இன்று முகஞ்சுளிக்கச் செய்கின்றது. பழைய படத்தை மீண்டும் பார்ப்பவர், வித்தையை வியக்கும் அதே கண்ணால் இவற்றையும் பார்த்தல் வேண்டும்.

இனி, பார்க்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. மௌனப்படத்தில் மனிதர்கள் எறும்புபோல் விறுவிறென்று ஓடுவர் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. கமராவைக் கையாற் சுழற்றிய அக்காலத்தில் வினாடிக்கு இத்தனை படங்கள் என்ற கண்டிப்பான வரையறை இருக்கவில்லை. பேசும் படம் வந்தபின் அது 24 என நிலைத்தது. வினாடிக்கு 18 வீதம் எடுத்ததை 24 வீதம் ஓட்டினால், ஒரு நிமிடத்தில் நடந்தது 45 வினாடிகளில் முடிந்துவிடும். துரத்தற் காட்சிகளை வேண்டுமென்றே மெல்லச் சுழற்றி எடுத்து விரைவு கூட்டிய விகடர்களும் உண்டு. அவ்விரைவு அவர்கள் விரும்பியது. ஆனால் துயரத்துடன் இரும்புத் தண்டில் உட்கார்ந்திருப்பவனை விரைவுபடுத்தினால், துயரமும் போய்விடும்; வேடிக்கையும் போய்விடும். ‘த ஜெனரல்’ படத்துக்குப் பல தேய்ந்த பிரதிகள் மலிவாக உலவுகின்றன. செப்பனிடப்பட்ட பிரதி ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஓடும். உங்கள் கைக்கு வருவது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுமாயின், அது வெட்டப்பட்டதாகவோ வேகங்கூட்டப்பட்டதாகவோ இருக்கும். வேறொன்றைத் தேடிப் பெறுவது நலம்.