பதவி துறந்து வந்த அதிபர்

அயலுறவுப் பணியிலும் ஆட்சிப் பணியிலும் உயர்நிலை கண்டோர், ஓய்வுக்குப் பின் கல்வி நிறுவனங்களின் தலைமையை ஏற்பது நாம் அறிந்ததே. தூதராக விளங்கி 1978இல் ஓய்வு பெற்ற கே. ஆர். நாராயணன் அவர்கள், மறு ஆண்டே ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஓய்வுக்காலம் வரை காத்திராமல், நாற்பது வயது நிரம்புமுன்னரே பதவியை விட்டுக் கல்விக்கூடம் புகுந்தவரும் உண்டு. அவர் இலங்கைக் கல்விமான் ஏ. எம். ஏ. அஸீஸ்.

1911இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்த அஸீஸ், 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்தார். அச்சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவரே. உலகப்போர் நடந்த 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்புடன் கல்முனைக்குச் சென்றார். நெல் விளைவிக்கச் சென்றவர், கல்வி விளையாத நிலத்தைக் கண்டார். அங்கே விபுலாநந்த அடிகளாரின் நட்பும் வாய்த்தது. அடிகளார் நம் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் என்பது கப்பலூரிலிருந்து எழுதும் நமக்குத் தனி மகிழ்ச்சி. 1945இல், வறிய மாணவர் உயர்கல்வி பெற, இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அஸீஸின் முயற்சியால் உருவாயிற்று.

கொழும்பு சாஹிராக் கல்லூரியை (அங்கே உயர்பள்ளியையும் கல்லூரி என்பர், தலைவரை அதிபர் என்பர்) 1921 முதல் வளர்த்தவர் டி. பி. ஜாயா. அவர் அமைச்சராகி, பின்னர் பாகிஸ்தானில் இலங்கையின் உயர் ஆணையராகவும் பணியாற்றினார். அவர் விட்டுச்சென்ற ஆசனத்துக்கு 1948இல் சிவில் சேவையைத் துறந்து வந்தார் அஸீஸ். கல்லூரி ஒருவரை அரசுக்கு ஈந்து, அரசிடமிருந்து ஒருவரைப் பெற்றது. இம்மாற்றில் கல்லூரி இழக்கவில்லை என்பதே நம் கருத்து.

பெரும் பதவி வகித்தவரை நிறுவனத்தின் அணிகலனாகக் கருதி அழைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அஸீஸ் கொணர்ந்தது அணிகலன் அன்று. திட்டமிடும் பழக்கம், பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்லும் ஒழுங்கு, ஊரூராய்ச் சென்று மக்களை அறிந்த அனுபவம் ஆகியவையே அவருடைய முதல். 1961 வரை சாஹிராவின் அதிபராக இருந்தார்.

செனட்டராகவும் இருந்த அவர், 1956இல் தாம் சார்ந்த ஐக்கிய தேசியக் கட்சி சிங்களம் மட்டும் என்ற கொள்கையை ஏற்றபோது அதிலிருந்து விலகினார். 'இலங்கையில் இஸ்லாம்', 'மொழிபெயர்ப்புக் கலை' முதலிய நூல்களைத் தமிழில் எழுதினார். 1973இல் மறைந்த அவருக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பின்னர் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.