2 லட்சம் போனதில் கற்றுக்கொண்டது: ஏஞ்சல் முதலீடும் வேல்யூ இன்வெஸ்டிங்கும்

இந்த எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுத்து வடிவத்தில் தருகிறேன். கேட்க நேரம் இல்லாதவர்கள் படித்துக்கொள்ளலாம்.

அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிற பணத்தை ஸ்டார்ட்அப்பில் போடலாமா, ஷேர் மார்க்கெட்டில் போடலாமா?" நான் இரண்டிலும் போட்டேன். இரண்டிலும் அடி வாங்கினேன். அதனால் தியரி மட்டும் சொல்லாமல், என் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் அடி: நண்பனின் ஸ்டார்ட்அப்

வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம் ஆன சமயம். காலேஜில் கூடப் படித்த நண்பன் ஒருத்தன் ஸ்டார்ட்அப் ஆரம்பித்தான். "மச்சான், நீ ஒரு ரெண்டு லட்சம் போடுறியா?"ன்னு கேட்டான். கம்பெனியின் மதிப்பு 1 கோடி என்று பேசி, 2 லட்சத்துக்கு 2 சதவீதப் பங்கு வாங்கினேன்.

ஒரு வருஷம் கழித்து ஒரு முதலீட்டு நிறுவனம் 2 கோடி போட்டது. அந்த ரவுண்டுக்குப் பிறகு கம்பெனியின் மதிப்பு 10 கோடி. அவர்களுக்கு 20 சதவீதம் போனதால் என் 2 சதவீதம் 1.6 சதவீதமாகக் குறைந்தது. இதைத்தான் டைல்யூஷன் என்கிறோம். ஆனால் 10 கோடியில் 1.6 சதவீதம் என்றால் 16 லட்சம்! பேப்பரில் எட்டு மடங்கு. வீட்டில் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரிப்பா, அந்த 16 லட்சத்தை நாளைக்கு எடுக்க முடியுமா?"

எடுக்க முடியாது. பேங்க் டெபாசிட்டை உடைக்கலாம், பங்கை நாளைக்கே விற்கலாம். ஸ்டார்ட்அப் பங்கை வாங்க ஆள் வேண்டும்.

அடுத்த வருஷம் பிசினஸ் படுத்துவிட்டது. ஒரு பெரிய கம்பெனி மொத்தமாக 1.8 கோடிக்கு வாங்கிக்கொண்டது. 1.8 கோடியில் 1.6 சதவீதம், அதாவது 2 லட்சத்து 88 ஆயிரம் வரும், நஷ்டம் இல்லை என்று நினைத்தேன். எனக்கு வந்தது பூஜ்யம்.

ஏன்? அந்த முதலீட்டு நிறுவனம் வாங்கியது முன்னுரிமைப் பங்குகள். நான் வைத்திருந்தது சாதாரணப் பங்கு. அவர்களுக்கு ஒரு மடங்கு லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் இருந்தது. கம்பெனியை விற்றால் அவர்கள் போட்ட 2 கோடியை முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. விற்றதே 1.8 கோடிக்கு. மிச்சம் எங்கே இருக்கும்?

இதில் யாரும் ஏமாற்றவில்லை. இந்த ஷரத்து நான் கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்டிலேயே இருந்தது. நாற்பது பக்கம். ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது "ஒப்புக்கொள்கிறேன்" பட்டனை அழுத்துற மாதிரி அழுத்திவிட்டேன். கோடு எழுதும்போது ஒவ்வொரு வரியையும் ரிவ்யூ பண்ணுகிறவன், சொந்தப் பணம் போகிற பேப்பரைப் படிக்கவில்லை.

ஏஞ்சல் கணக்கு உண்மையில் எப்படி வேலை செய்கிறது?

ஒருத்தர் 10 ஸ்டார்ட்அப்களில் தலா 1 லட்சம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மூடிவிட்டன. இரண்டு போட்ட பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தன. ஒன்று 15 மடங்கு கொடுத்தது. கேட்க சூப்பராக இருக்கும். ஆனால் கூட்டிப் பாருங்கள்: 2 லட்சமும் 15 லட்சமும் சேர்த்து 17 லட்சம். இதற்கு 10 வருஷம் ஆனது என்றால் ஆண்டுக்கு சுமார் 5.5 சதவீதம்தான். நம்ம ஊர் பேங்க் டெபாசிட்டே இதைவிட அதிகம் கொடுத்த வருஷங்கள் நிறைய உண்டு.

ஆண்டுக்கு 12 சதவீதம் வேண்டுமென்றால் 10 லட்சம் 10 வருஷத்தில் சுமார் 31 லட்சம் ஆகணும். ஜெயிக்கிற அந்த ஒரு கம்பெனி மட்டுமே 29 மடங்கு கொடுக்கணும், அதுவும் டைல்யூஷன் எல்லாம் போக. அதனால் ஏஞ்சல் முதலீட்டில் கேட்க வேண்டிய கேள்வி, "இது ஜெயித்தால் எவ்வளவு பெரிசா ஆகும்?" என்பது. ஒரே ஒரு ஸ்டார்ட்அப்பில் பணம் போட்ட நான் பண்ணியது முதலீடே இல்லை, லாட்டரி.

ஜெயித்த உதாரணம் ஒன்று. நௌக்ரி இணையதளத்தை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் நிறுவனம், 2010-ல் ஜொமேட்டோவில் முதலில் போட்டது சுமார் 4.7 கோடி. பிறகும் தொடர்ந்து போட்டது. 2021 ஜூலையில் ஜொமேட்டோ ஐபிஓ வந்தபோது, தன் பங்கில் ஒரு சிறு பகுதியை மட்டும் 375 கோடிக்கு விற்றது. அதுவரை 11 வருஷம் காத்திருந்தது. அந்தப் பொறுமையும், நடுவில் மேலும் பணம் போடும் வசதியும் என்னிடம் இருந்ததா? இல்லை.

இரண்டாவது அடி: மலிவான பங்கு

ஸ்டார்ட்அப் வேண்டாம் என்று வேல்யூ இன்வெஸ்டிங் பக்கம் வந்தேன். பெஞ்சமின் கிரஹாம் 1949-ல் வெளியிட்ட 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' படித்தேன். அதன் மையமான கருத்து மார்ஜின் ஆஃப் சேஃப்டி. ஒரு பங்கின் உண்மையான மதிப்பு 100 ரூபாய் என்று நீங்கள் கணக்குப் போட்டால், 60 அல்லது 70-க்கு வாங்குங்கள். உங்கள் கணக்கு தப்பாக இருந்தாலும் பள்ளத்தில் விழ மாட்டீர்கள்.

நானும் மலிவாக ஒன்று கண்டுபிடித்தேன். விலை 90 ரூபாய், ஒரு பங்குக்கு லாபம் 15 ரூபாய். பி.இ. 6! வாங்கிப் போட்டேன். அடுத்த வருஷம் விலை 50-க்கு வந்தது. அதற்கப்புறம்தான் ஆண்டறிக்கையைப் படித்தேன். அந்த 15 ரூபாயில் 12 ரூபாய், கம்பெனி தன் நிலத்தை விற்றதில் ஒரு தடவை வந்த வருமானம். தொழிலில் வந்தது 3 ரூபாய்தான். அப்படிப் பார்த்தால் நான் வாங்கிய பி.இ. 30. மலிவு இல்லை, காஸ்ட்லி.

வாரன் பஃபெட்டே இப்படி மாட்டியிருக்கிறார். 1964-ல் பெர்க்‌ஷயர் ஹாத்தவே நலிந்துகொண்டிருந்த ஒரு ஜவுளி ஆலை. அதன் தலைவர் பஃபெட்டின் பங்குகளை 11.50 டாலருக்கு வாங்கிக்கொள்வதாகப் பேசிவிட்டு, கடிதத்தில் 11.375 என்று அனுப்பினார். கோபத்தில் பஃபெட் மேலும் மேலும் பங்கு வாங்கி, 1965-ல் கம்பெனியையே கைப்பற்றினார். அந்த ஜவுளித் தொழிலோடு 20 வருஷம் போராடி, 1985-ல் மூடினார். மலிவாக இருந்ததும், கோபமும் சேர்ந்து எடுத்த முடிவு.

இதற்கு நேர்மாறானது 1972-ல் வாங்கிய சீஸ் கேண்டீஸ் என்ற மிட்டாய்க் கம்பெனி. விலை 2.5 கோடி டாலர். அப்போது அதன் வரிக்கு முந்தைய லாபம் ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கும் குறைவு. ஆனால் வாடிக்கையாளர்கள் அந்த பிராண்டை விட்டுப் போகவில்லை. விலையை ஏற்ற முடிந்தது. 2007 வரை மொத்தமாக 135 கோடி டாலர் லாபம் கொடுத்தது. வளர்ச்சிக்காக அதில் திரும்பப் போட்டது வெறும் 3.2 கோடி டாலர். நல்ல தொழிலை நியாயமான விலைக்கு வாங்குவது, சுமாரான தொழிலை மலிவாக வாங்குவதைவிட மேல்.

இப்போது நான் என்ன செய்கிறேன்?

ஒன்று, ஸ்டார்ட்அப்புக்கு என்று தனி டப்பா. மொத்தச் சேமிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அது முழுசாகப் போனாலும் வீட்டு வாடகைக்குப் பிரச்சினை வராது.

இரண்டு, கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி. எந்த வகைப் பங்கு? விற்றால் யாருக்கு முதலில் பணம்? அடுத்த ரவுண்டில் என் பங்கைத் தக்கவைக்க மேலும் பணம் போடும் உரிமை உண்டா?

மூன்று, பங்கு வாங்கும் முன் குறைந்தது ஐந்து வருஷ ஆண்டறிக்கை. லாபம் தொழிலில் வந்ததா, பணமாகக் கைக்கு வந்ததா என்று பார்ப்பேன்.

நான்கு, விலை ஏறி இறங்குவதைப் பார்த்துப் பதறுவதில்லை. 76 ரூபாய்க்கு ஐபிஓ வந்த அதே ஜொமேட்டோ, அந்த வருஷமே 160-ஐத் தாண்டி, 2022 ஜூலையில் 50-க்கும் கீழே போய், 2024-ல் 200-ஐத் தாண்டியது. கிரஹாம் சொன்ன மிஸ்டர் மார்க்கெட் இவர்தான். தினமும் கதவைத் தட்டி ஒரு விலை சொல்வார். நாம் பதில் சொல்லியே ஆகணும் என்று கட்டாயம் இல்லை.

அந்த நண்பனைப் பற்றிக் கேட்பீர்கள். கம்பெனி விற்ற அன்று ராத்திரி போன் பண்ணினான். அவனுக்கும் பங்கில் ஒரு ரூபாய் வரவில்லை. "உன் காசை எப்படியாவது கொடுத்துடறேன்டா"ன்னு சொன்னான். "அது கடன் இல்லடா, முதலீடு"ன்னு சொன்னேன். அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், போனது நான் தாங்கக்கூடிய தொகை. 20 லட்சமாக இருந்திருந்தால் இன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டிருப்போமா என்று தெரியவில்லை. நண்பர்களிடம் போடும் பணத்துக்கு இதுதான் என் மார்ஜின் ஆஃப் சேஃப்டி.

நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் கிடையாது. இது என் அனுபவம் மட்டுமே, முடிவு உங்களுடையது. ஆண்டறிக்கையை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று அடுத்த எபிசோடில் பேசலாம்.