கொங்கு மண்ணில் விசுவாசம் – 9: அப்பாசாமி காட்டிய பாதை

சென்ற வாரம் உலக ஆசைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு தாய் ஆராதனை முடிந்ததும் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏனுங்க, செய்யக்கூடாதுன்னு நாங்க சொன்ன எதையும் என்ற பையன் செய்யறதில்லீங்க. குடி இல்லை, சூது இல்லை. ஆனா வேதத்தைத் தொடறதில்லை, ஜெபத்துக்கு உக்கார்றதில்லை. அவன் உலகத்தை ஜெயிச்சுட்டானா, தோத்துட்டானாங்க?"

கோபியில் வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். எங்கள் ஊருக்குச் ‘சின்னக் கோடம்பாக்கம்’ என்று ஒரு பெயர். பச்சை வயலையும் வாய்க்கால் கரையையும் தேடி எத்தனையோ படப்பிடிப்புக் குழுக்கள் இங்கே வந்திருக்கின்றன. ஊரே வேடிக்கை பார்க்க ஓடும்போது, ஜெப வீட்டுப் பிள்ளை வாசலோடு நின்றுவிட வேண்டும். சினிமா கூடாது, குடி கூடாது, சூது கூடாது; பெந்தெகொஸ்தே வீடுகளில் நகையும் கூடாது. அந்தப் பெரியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கள்ளுக்கும் சீட்டுக்கும் காடு தோட்டத்தை இழந்த குடும்பங்களைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். பிள்ளைகள் மேல் இருந்த அன்பில்தான் அப்படி ஒரு பட்டியல் போட்டார்கள்.

ஆனால் பட்டியல் ஒருவனைத் தீமையிலிருந்து தள்ளி நிறுத்தும். தேவனுக்கு அருகே கொண்டுபோய்ச் சேர்க்காது. மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையை நினைத்துப் பாருங்கள். அசுத்த ஆவி ஒரு மனிதனை விட்டுப் போகிறது. அவன் உள்ளம் பெருக்கப்பட்டுச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வெறுமையாக இருக்கிறது. போன ஆவி திரும்பி வருகிறது, தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு. அந்த வீட்டில் அழுக்கு இல்லை. குடியிருக்க வேண்டியவரும் இல்லை. ஆபத்து அங்கேதான் இருந்தது.

பவுலும் ரோமர் 12ஆம் அதிகாரத்தில் உலகத்தின் சாயலில் வாழாதீர்கள் என்பதோடு நிறுத்தவில்லை. மனம் புதிதாகி மறுரூபமாகுங்கள் என்பதை அதே வாக்கியத்தில் சேர்த்தே எழுதினார். முதல் பாதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அவர்கள் ஒழுங்கானவர்களாக வளர்வார்கள். பக்தியில் வளர மாட்டார்கள்.

இந்த இரண்டாம் பாதியைத் தன் வாழ்நாள் படிப்பாக எடுத்துக்கொண்ட ஒருவர் நம் கொங்கு மண்ணிலேயே பேராயராக இருந்தார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது. கோயம்புத்தூர்த் திருமண்டலம் 1950இல் அமைந்தபோது, அதன் முதல் பேராயராக வந்தவர் ஏ. ஜே. அப்பாசாமி. 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தந்தை திவான் பகதூர் ஏ. எஸ். அப்பாசாமிப் பிள்ளை சைவக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட வழக்கறிஞர். மகன் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டிலும் ஹார்வர்டிலும், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். யோவான் நற்செய்தியை நம் நாட்டு பக்தி இலக்கியத்தோடு வைத்துப் படித்ததே அவருடைய ஆக்ஸ்போர்டு ஆய்வு. கிறிஸ்தவம் ஒரு பக்தி மார்க்கம் என்று அவர் எழுதிய நூல் 1920களிலேயே பெரிதாகப் பேசப்பட்டது.

அவர் எழுதியவற்றின் உயிர்நாடி யோவான் 15ஆம் அதிகாரம்: திராட்சைச் செடி, கொடிகள், கிறிஸ்துவில் நிலைத்திருத்தல். ஜீவன் தேவனில் கரைந்து காணாமற்போவதை அப்பாசாமி ஏற்கவில்லை. பிதாவும் குமாரனும் ஒன்றாயிருப்பது அன்பிலும் கீழ்ப்படிதலிலும் என்றார். இயேசு பிதாவின் சித்தத்தைச் செய்தார். அதனால் பிதாவில் நிலைத்திருந்தார். நாமும் அதே வழியில்தான் கிறிஸ்துவில் நிலைத்திருக்க முடியும். இதை ஏற்றுக்கொண்டால், ஆவிக்குரிய வளர்ச்சியை அளக்கும் முறையே மாறிவிடுகிறது. கன்வென்ஷன் பந்தலில் எவ்வளவு அழுதோம், எவ்வளவு நேரம் பாடினோம் என்பது கணக்கில் வராது. திங்கட்கிழமை காலையில் கிறிஸ்து சொன்னதைச் செய்தோமா என்பதுதான் கணக்கு.

அப்பாசாமி இதைப் புத்தகத்தில் மட்டும் கற்றவர் அல்ல. 1920இல் சாது சுந்தர்சிங் இங்கிலாந்துக்கு வந்தபோது, அவரை அருகிருந்து பார்த்துக் கேட்டு எழுதும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. ஆக்ஸ்போர்டு இறையியலாளர் ஸ்ட்ரீட்டரோடு சேர்ந்து சாதுவைப் பற்றி எழுதிய நூல் 1921இல் வெளிவந்தது. பஞ்சாபில் வசதியான சீக்கியக் குடும்பத்தில் பிறந்த சுந்தர்சிங், 1905இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். வீட்டை இழந்தார். காவி உடுத்தினார். கையில் காசு வைத்துக்கொள்ளாமல் நடந்தார். உலகமெங்கும் புகழ் தேடி வந்தபோதும் அவருடைய அதிகாலை, வேதத்துக்கும் தியானத்துக்கும் ஒதுக்கப்பட்டதாகவே இருந்தது. 1929இல் திபெத்துக்குப் புறப்பட்டவர் திரும்பவில்லை. உலகத்தை விட்டது அவருக்கு ஒரு நாள் நடந்த காரியம். தேவனில் நிலைத்திருந்தது அதற்குப் பின் ஒவ்வொரு நாளும் நடந்த காரியம்.

சாதுவைப் போல எல்லோராலும் முடியுமா என்று கேட்பீர்கள். சரி, திருப்பத்தூருக்கு வாருங்கள். 1921இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரும் மருத்துவர்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். பேட்டன் ஸ்காட்லாந்தின் அலோவா ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்திய பெரும் செல்வக் குடும்பத்தின் மகன். அந்தச் செல்வத்தையும் ஆளும் இனத்தவர் என்ற மதிப்பையும் ஓரமாக வைத்துவிட்டு, கதர் உடுத்தி, ஓர் இந்தியருக்குத் தம்பியாக வாழ்ந்தார். ஊர் மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தார்கள். 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில், கதர் உடுத்தி நின்ற பேட்டன்மேல் காவலர்கள் வண்ண நீரைப் பீய்ச்சித் தடியால் அடித்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அது கேள்வியாக எழுந்தது. பேட்டன் ஆசிரமத்துக்குத் திரும்பி, தன் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்.

நம் கோவைக்கு அருகே தடாகத்திலும் இப்படி ஒன்று நடந்தது. அஸ்ஸாமின் முதல் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த ஹெர்பர்ட் பேக்கன்ஹாம் வால்ஷ், ஓய்வு பெற்று ஊர் திரும்பிச் சுகமாக இருந்திருக்கலாம். அவர் 1936இல் தடாகத்தில் கிறிஸ்து சிஷ்ய ஆசிரமத்தைத் தொடங்கினார். பதவி போன பிறகு சீடனாக வாழத் தொடங்கிய பேராயர் அவர்.

இவர்கள் யாரும் உலகத்தைக் கண்டு ஓடவில்லை. நோயாளிகளின் நடுவிலும், விடுதலைப் போராட்டத்தின் நடுவிலும் இருந்தார்கள். பணத்தையும் பதவியையும் இனத்தையும் வைத்து மனிதனை மதிக்கும் உலக வழக்கத்தைத்தான் அவர்கள் ஏற்க மறுத்தார்கள். தினமும் ஜெபத்தில் அமர்ந்தவர்களுக்கு அந்த மறுப்பு இயல்பாக வந்தது.

இப்போது நம்மைப் பார்ப்போம். சினிமாவுக்குப் போகாத வீட்டில் வரதட்சணை வாங்கியிருக்கிறோம். மஞ்சள் விற்ற பணத்தையும் தோட்டத்தின் மேல் வாங்கிய கடனையும் ஒரே நாள் கல்யாணத்தில் கொட்டியிருக்கிறோம். சபைத் தேர்தலில் வார்டு தேர்தலை மிஞ்சும் அளவுக்கு அணி பிரிந்து மோதியிருக்கிறோம். ஒரே அப்பத்தில் பங்குபெற்று வெளியே வந்ததும் சம்பந்தம் பேசச் சாதி கேட்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தையே சாதிவாரியாகப் பிரித்த இடங்கள் உண்டு. உலகம் டிவி வழியாக மட்டும் வருவதில்லை. ஞாயிறு காலையில் நம்மோடு சேர்ந்து ஆலயத்துக்குள் வந்து முன்வரிசையில் அமர்கிறது.

எங்கள் ஊரின் ஜி. எஸ். லட்சுமண ஐயரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் கிறிஸ்தவர் அல்ல. அக்ரகாரத்தில் பிறந்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, ஒடுக்கப்பட்ட மக்களுக்காகச் சொந்த இனத்தாரின் ஒதுக்குதலைத் தாங்கியவர். கோபி நகராட்சித் தலைவராக இருந்தபோது, மனிதக் கழிவை மனிதர் சுமக்கும் கொடுமையை இந்த ஊரில் ஒழித்தார். ஊர் வழக்கத்துக்கு இணங்காத ஒரு மனிதர் நம் கண்முன் வாழ்ந்து 2011இல் மறைந்தார். சிலுவையைச் சுமக்கிறோம் என்று பாடும் நாம், அவர் பட்டதில் பாதியாவது பட்டோமா?

அந்தத் தாய்க்கு என் பதில் இதுதான்: உங்கள் மகன் தோற்கவில்லை அம்மா, ஆனால் இன்னும் ஜெயிக்கவும் இல்லை. அவனுக்குக் கூடாதவற்றைச் சொன்னோம். நிலைத்திருப்பது எப்படி என்று நாம் வாழ்ந்து காட்டவில்லை.

நிலைத்திருத்தல் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் சுமார் 24,500 ஏக்கருக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. அணை நிறைந்திருந்தாலும், வாய்க்காலில் மண்ணும் புல்லும் அடைத்துக்கொண்டால் கடைமடை வயல் காயும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். தேவனிடத்தில் கிருபைக்குக் குறைவில்லை. தினசரி ஜெபமும் வேத வாசிப்பும் தூர் வாரும் வேலை. அதை வருஷத்துக்கு ஒரு முறை லெந்து நாட்களில் மட்டும் செய்தால் போதாது.

காலையில் போனைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு சங்கீதமாவது வாசியுங்கள். வாசித்ததில் அன்றைக்குச் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டு, அதைச் செய்யுங்கள். தனியாக முயலாதீர்கள், திருப்பத்தூர் அண்ணன்மாரும் இருவராகத்தான் தொடங்கினார்கள். உண்மையைச் சொல்லிக் கண்டிக்கும் ஒரு நண்பரைத் தேடிக்கொண்டு, வாரம் ஒரு முறை சேர்ந்து ஜெபியுங்கள். தசமபாகத்தைக் கணக்குப் பார்க்கும் அதே நோட்டில், மீதி ஒன்பது பங்கு எங்கே போகிறது என்பதையும் எழுதிப் பாருங்கள்.

வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வரதட்சணை கேட்க மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம், கடன் வாங்கிக் கல்யாணம் செய்ய மாட்டோம், சாதி பார்க்க மாட்டோம் என்று இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் முன்னால் சொல்லுங்கள். உறவு முறைக்காரர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அந்த ஒரு தீர்மானத்தில் நீங்கள் உறுதியாக நின்றால், நூறு பிரசங்கங்களில் கிடைக்காத வேத பாடம் உங்கள் பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிடைக்கும்.

(தொடரும்)