கூட்டு முறிந்தது, வண்டி ஓடுகிறது

திருவையாற்றுப் படுகையின் வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டும் தஞ்சாவூர் போய்ச்சேர லாரி வேண்டாம். ஒரு டன் சுமக்கும் சிறு வண்டி போதும். 2005-இல் வந்த டாடா ஏஸுக்கு நம் ஊர்கள் ‘குட்டி யானை’ என்று செல்லப்பெயரே வைத்துவிட்டன. அந்தச் சந்தையில் நுழைய விரும்பிய அசோக் லேலண்டுக்கு லாரியும் பஸ்ஸும் கைவந்த கலை. சிறு வண்டிதான் இல்லை. ஜப்பானின் நிசானிடம் அந்தத் தொழில்நுட்பம் இருந்தது. இங்குள்ள சரக்குக்காரர்களிடம் அறிமுகம் இல்லை. இருவரும் சேர்ந்து 2011-இல் கொண்டுவந்ததுதான், ஓசூரில் தயாரான ஒன்றேகால் டன் ‘தோஸ்த்’.

பிறகு இருவருக்கும் தகராறு முற்றி, கூட்டு நிறுவனங்களில் நிசானுக்கு இருந்த பங்குகளை 2016-இல் லேலண்டே வாங்கிக்கொண்டது. அப்படியானால் கூட்டு வீண்தானே என்று கேட்கலாம். ஃபியட்டும் பெஜோவும் 1978-இல் சேர்ந்து, வேன்களைப் பல பத்தாண்டுகள் ஒன்றாகத் தயாரித்ததை ஒப்பிட்டால் இது அற்பாயுள்தான். ஆனால் கூட்டின் பலனை அதன் ஆயுளால் அளப்பது சரியல்ல. நிசானின் எவாலியா வேனுக்கு முகம் மாற்றி லேலண்ட் விற்ற ‘ஸ்டைல்’ எடுபடவில்லை. இங்கத்திய சுமைக்கென்று உருவான தோஸ்த் நிலைத்தது. பெயர்ப்பலகையை மாற்றுவதும் சேர்ந்து உழைப்பதும் ஒன்றல்ல. பழகிய கையோடு லேலண்ட் தனியாகவே 2020-இல் ‘படா தோஸ்த்’தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.