மரவள்ளியும் மாவுப்பூச்சியும்

ஜவ்வரிசிப் பாயசம் உண்ணாத தமிழரும், விரத நாட்களில் ஜவ்வரிசிக் கிச்சடி உண்ணாத வடநாட்டாரும் மிகச் சிலரே. அந்த ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறதென்று கேட்டால், சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் குச்சிக்கிழங்குக் காடுகளையே காட்டவேண்டும். 2020-ம் வருஷத்திற்குப் பின் அக்காடுகளில் குடியானவர் கண்ட காட்சி எளிதில் மறக்கத்தக்கதன்று. செடியின் நுனி சுருண்டு கொத்தாயிற்று. இலையடியில் வெள்ளை மாவு அப்பியது. கணுக்கள் நெருங்கிச் செடி குறுகிற்று.

அவ்வருஷம் இத்தேசத்தில் முதன்முதலாகத் திருச்சூரில் கண்டறியப்பட்ட இம்மாவுப்பூச்சியின் ஜன்மபூமி தென்னமெரிக்கா. இதற்கு ஆண் துணை வேண்டியதில்லை. பெண் தனித்தே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுக் குலத்தைப் பெருக்கும். ஆதலின் நடவுக்கென்று கொண்டுவரும் ஒரு கரணையில் ஒரே பூச்சி ஒட்டியிருந்தாலும் போதும்.

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. அழிவுசெய்யும் பூச்சிகளைத் தடுக்க 1914-லேயே ஒரு சட்டம் பிறந்தது. 1919-ல் சென்னை மாகாணமும் தனக்கென ஒன்று செய்துகொண்டது. ஆனால் பூச்சிக்குச் சம்மன் சார்வு செய்த அமீனாவை நாம் இதுவரை கண்டதில்லை. துறைமுகத்தைக் காக்கும் சட்டம், லாரியில் ஏறி ஜில்லா விட்டு ஜில்லா செல்லும் கரணைக் கட்டை எங்ஙனம் தடுக்கும்?

பூச்சியைக் கண்ட குடியானவர் கடன்பட்டேனும் விஷமருந்து வாங்கித் தெளிக்கின்றனர். மெழுகுப் போர்வை போர்த்துச் சுருண்ட நுனிக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியை அம்மருந்து முற்றும் எட்டுவதில்லை. அதனைத் தின்ன வரும் நன்மைசெய் பூச்சிகளையோ தப்பாமல் கொல்கிறது.

இத்துன்பத்தை நமக்கு முன் அனுபவித்தவர் ஆப்பிரிக்கர். 1970-களின் தொடக்கத்தில் காங்கோவில் நுழைந்த பூச்சி, மரவள்ளியையே அன்னமாகக் கொண்ட நாடுகளைப் பட்டினியின் வாயிலுக்குக் கொண்டுபோயிற்று. பூச்சியின் பிறந்தகத்தில் அதன் பகைவன் இருத்தல் வேண்டுமென்று அறிஞர் தேடினர். 1981-ல் பராகுவேயில் அந்தோணி பெல்லோட்டி என்பார் மாவுப்பூச்சியைக் கண்டார். அதனுடன் அனாகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியும் அகப்பட்டது. எள்ளளவும் இராத இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று வெளிவரும். ஹான்ஸ் ஹெர்ரன் என்னும் ஸ்விஸ் அறிஞரின் தலைமையில் இது நைஜீரியாவில் விடப்பட்டு, 20-க்கு மேற்பட்ட நாடுகளில் பரவிப் பயிரைக் காத்தது. அதற்காக 1995-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே குளவியைப் பெங்களூர் தேசிய வேளாண் பூச்சி நிலையத்தார் 2021-ல் பெனின் நாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கினர். 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் அது வயலில் விடப்பட்டது. தனி ஒரு குடியானவன் தன் கைப்பணத்தால் செய்யக்கூடிய காரியமா இது? பொதுப்பணம் செலவிடத்தக்க இடம் இதுவே. குளவியைக் கையில் கொடுத்துவிட்டு மறுவாரமே விஷமருந்து தெளிக்க விடுவது மட்டும் அப்பணத்தை ஆற்றில் கொட்டுவதாகும்.

தேமல் நோய்க்கோ குளவியும் இல்லை, மருந்தும் இல்லை. வெள்ளை ஈயாலும் நோயுற்ற கரணையாலும் அது பரவுகிறது. அதன் அடையாளம் இலையில்தான் உண்டு. இலை உதிர்ந்த குச்சியைக் கட்டாகக் கட்டிவிட்டால் எவராலும் தெரிந்துகொள்ள இயலாது. ஆகையால் கிராமத் தொண்டு செய்யும் அன்பர்கள் அறுவடை வரை காத்திராது, செடியில் இலை நிற்கும்போதே காட்டிற்குள் சென்று, தேமலற்ற செடிகளுக்கு ஒரு கயிறு கட்டி வைக்குமாறு குடியானவர்க்குச் சொல்லவேண்டும். அடுத்த பட்டத்திற்குக் கயிறு கட்டிய செடியிலிருந்தே கரணை வெட்டுக.